கடோமுரா அழலாமா?

கொட்டகைக்குள் முதலில் ஓடிவந்தவள் வாசுகி.

பின்னாலேயே, தோளில் பெரிய பையோடு ஈவ்லின்.

வெளியே, தேயிலைக்கு நடுவே போகும் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை. கீழ் கோத்தகிரிப் பக்கம் கூட்டமாக வரும் காட்டு மாடுகளைக்கூட நின்று பார்ப்பார்கள். தனியாக நிற்கும் மாட்டிடம் யாரும் விளையாடுவதில்லை.

இவ்வளவு பெரிய உருவத்தை இருவருமே தூரத்தில் பார்த்திருக்க வேண்டும். எதிரெதிரே வந்த இருவரும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் கடந்துவிடுவதிலேயே குறியாக இருந்துவிட்டார்கள். மாடு ஒருமுறை பலமாக மூச்சு விட்ட பிறகுதான் இருவரும் தலை நிமிர்ந்தார்கள்.

பறித்த இலையை நிறுக்கும் கொட்டகை அது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். ஈவ்லின் திறந்த பக்கத்தைப் பார்த்துச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

வாசுகி அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இரண்டு மாதமாகப் பேச்சில்லை. காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். கடோமுரா.

‘உப்புமலை வேட்டைக்காரர்கள்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரில், கதாநாயகனுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் ஆசான் அவன். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று ஒவ்வொரு பாகமாக இறக்கிவந்து இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஈவ்லினுக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம். செல்போன் திரையில் அவன் படம்தான்.

வாசுகிக்குப் பொறுமை போதாது. தொடருக்கு மூலமான படக்கதையை, மாங்காவை, தேடிப் படித்து முடித்துவிட்டாள். (அவள் மாங்கா என்று சொல்லும்போதெல்லாம் அவள் அம்மா மிளகாய்ப் பொடியும் உப்பும் எங்கே என்று கேட்பாள்.) படித்தவள் சும்மா இருந்தாளா? தொடர் அந்தக் கட்டத்துக்கு வருமுன்பே, பாலத்தை எரித்து ஊரையே எதிரியிடம் மாட்டிவிட்டவன் கடோமுராதான் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சிரிக்கிற பொம்மை வேறு.

ஈவ்லின் குழுவிலிருந்து வெளியேறினாள். வாசுகியின் வீட்டுப் பக்கமும் வரவில்லை.

இன்றைக்கு அவள் திருப்பூருக்குப் போகிறாள். பனியன் கம்பெனி வேலை, அங்கேயே விடுதி. அதைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் வாசுகிக்குத் தெரியும்.

ஈவ்லின் பையை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

“அவன் அழுதிருக்கக் கூடாது” என்றாள் ஈவ்லின்.

வாசுகிக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. விட்டுவிட்டாள் என்று நினைத்த தொடரை ஈவ்லின் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்திருக்கிறாள்.

“புக்குல அழவே மாட்டான் புள்ள!” வாசுகி சுவரிடம் சொன்னாள். “பாலம் எரியிறப்போ குனிஞ்சு செருப்பு வாரக் கட்டுவான். அவ்வளவுதான். அதப் பாத்தாத்தான் அவன் யாருன்னு நமக்குப் புரியும். இவனுங்க கண்ணீரு, மழை, வயலினு எல்லாத்தையும் போட்டுக் கெடுத்துட்டானுங்க.”

“அந்த மழை நல்லாத்தான் இருந்துச்சு.”

“தமிழ்ல பாத்தியா? மெத்தை விக்கிற வண்டியில பேசறவன் மாதிரி இருக்குமே அவன் குரலு!”

“நானெல்லாம் தமிழ்லதான் பாப்பேன். கீழ ஓடற எழுத்தப் படிச்சிட்டிருந்தா சண்டைய எப்பப் பாக்கறது?”

வாசுகி சிரித்துவிட்டாள். சிரித்தது தெரியக் கூடாதென்று இருமினாள்.

“இன்னும் நிக்குதா?”

“நிக்குது.”

மேலே சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. வளைவில் கியர் மாற்றி, நின்று, கிளம்பிப் போயிற்று.

“உன் பஸ்ஸு” என்றாள் வாசுகி.

“மாடு நிக்குதே, எப்படிப் போறது?”

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. கடோமுரா கெட்டவனா, கெட்டுப்போனவனா? ஊரைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கடைசியில் நல்ல சாவு தரலாமா? தரலாம் என்றாள் வாசுகி. செய்ததை வாயைத் திறந்து சொல்லாதவன் அழுதால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்டாள் ஈவ்லின்.

வாசுகி சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

“நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“எத?”

“பாலத்த.”

ஈவ்லின் பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. வழியில் தின்னக் கட்டிக்கொண்டுவந்த மொறுமொறு வர்க்கிப் பொட்டலம் வாசுகியின் தோள்மேல் வந்து இடித்தது.

“தின்னு. நொறுங்கிப் போச்சு, பாத்து.”

வாசுகி திரும்பி உட்கார்ந்தாள். ஆனால் வெளியே பார்க்காமல் ஈவ்லினை மட்டும் பார்த்தாள்.

வர்க்கி தீர்கிற நேரத்தில் எஸ்டேட் காவல்காரர் நல்லசாமி கம்போடு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

“மாடு நின்னுச்சுங்கண்ணா” என்றாள் ஈவ்லின். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அது நீங்க உள்ள ஓடுன உடனேயே பள்ளத்துல எறங்கிருச்சே! நான் மேல தொட்டிகிட்ட இருந்து பாத்துட்டுத்தான இருந்தேன். நீங்க அப்பவே போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஈவ்லின் மடியில் இருந்த வர்க்கித் தூளை அக்கறையாகத் தட்டினாள். காது சிவந்திருந்தது.

வாசுகி எதுவும் கேட்கவில்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த முதல் நிமிடத்திலேயே, முதுகுக்குப் பின்னால் செடிகள் முறிகிற சத்தமும், குளம்புச் சத்தம் பள்ளத்தில் இறங்கித் தேய்ந்து போனதும் அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தன.