துளசிங்கம் வீட்டு லத்தீன்

"உங்க நைனாவுக்குப் போர்வையைச் சுத்தி, மூஞ்சில மாவைப் பூசி, பசங்க கூத்தடிக்குதுங்கம்மா. என்னான்னு வந்து பாருங்க."

பக்கத்து வீட்டு ஆறுமுகம் போன்ல இப்படிப் பத்த வெச்சதும், ஹேமாவதி அம்மையார்குப்பத்துல இருந்து அடிச்சுப் பிடிச்சு பஸ் ஏறினா. திருத்தணி வர்ற வரைக்கும் தம்பி பொண்டாட்டி சுசித்ராவுக்கு அர்ச்சனைதான்.

பின்னே? பசங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி, வீட்லயே பாடம் நடத்தறவ அவ. அது பத்தாதுன்னு இப்போ லத்தீன் வேற. திருத்தணியில, லத்தீன்!

கதவு திறந்தே கிடந்துச்சு. ஆறுமுகம் பொய் சொல்லலை.

நடு ஹால்ல நாற்காலி. அதுல அவ அப்பா துளசிங்கம். ஒரு காலத்துல அவர் தொண்டையைத் திறந்தா பவர்லூம் சத்தமே கேக்காது. பக்கவாதத்துல வாய் ஒரு பக்கமா இழுத்துகிச்சு. இப்போ மாசக்கணக்கா ஒரு வார்த்தை கிடையாது. என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். அந்த மனுஷனுக்குத் தோள்ல போர்வை, தலையில வேப்பிலைக் கிரீடம், கன்னம் பூரா அரிசி மாவு.

"எகோ சும் ரெக்ஸ்! நான்தான் ராஜான்னு அர்த்தம். சொல்லு தாத்தா!" பேத்தி அனிதா கரண்டியை நீட்டி மிரட்டினா.

"எ...ஓ... ம்... எக்..."

"தப்பு! மாவு!"

பேரன் வளவன் ஒரு கை மாவை அள்ளித் தாத்தா மூக்குல அப்பினான். ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சதுங்க.

ஹேமாவதி வாசப்படியிலயே கத்தினா. "அடப் பாவிங்களா! எங்கடா உங்கம்மா?"

சுசித்ரா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்தா. அவ மூஞ்சியும் மாவுல வெள்ளை வெளேர்னுதான் இருந்துச்சு.

"வாங்க அண்ணி. காபி போடட்டுமா?"

"காபியை உன் தலையில ஊத்திக்கோ! வாய் வராத மனுஷனை வெச்சுக் கேலியா பண்றே?"

"கேலி இல்லங்க, பாடம். சும்மா மனப்பாடம் பண்ணுன்னா பசங்க தூங்கிடுதுங்க. தப்பு சொன்னா மாவுன்னதும், பல்லு கூட விளக்காம வந்து உக்காருதுங்க."

"இந்த லத்தீனை எந்த ஊர்ல பேசறாங்க?"

"எந்த ஊர்லயும் இல்லங்க. அது செத்த பாஷை."

"செத்தா எடுத்துடணும்! நடு வீட்ல போட்டுகினு என்னாத்துக்கு ஒப்பாரி? முருகன் மலையடியில இருந்துகினு பசங்களைப் போப்பாண்டவர் வேலைக்கா அனுப்பப் போறே?"

"அந்த வேலைக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா அத்தை?" வளவன் நிஜமாவே கேட்டான்.

"நீ வாயை மூடுடா!"

ஹேமாவதி விறுவிறுன்னு உள்ளே போய் ஒரு பையை எடுத்தா. நைனாவோட வேட்டி சட்டையை அதுல திணிச்சா.

"நைனாவை நான் கூட்டிகினு போறேன். என் வீட்ல மரியாதையா ஒரு மூலையில உக்காந்திருக்கட்டும். எழுந்திரு நைனா, ஆட்டோ புடிக்கலாம்."

கையைப் பிடிச்சு இழுத்தா. துளசிங்கம் உதறினார். கழுத்து நரம்பு புடைச்சுது, வாய் கோணிகிட்டுப் போச்சு.

"நா... வர... லை. நீ... போ."

குழறல்தான். ஆனா தமிழ்.

ஹேமாவதி பையைக் கீழே போட்டுட்டா. "முருகா! நைனா பேசுது! ஐயோ, என் நைனா பேசுது!"

அப்பிடியே கீழே உக்காந்து ஓன்னு அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்தினதும் பழைய ஹேமாவதி திரும்பி வந்துட்டா.

"ஏம்மா, வாயை அசைச்சுப் பழக்கணும்னு டாக்டரே சொன்னாரு. அதை அழகா தமிழ்ல அம்மா, ஆடுன்னு சொல்லிக் குடுக்கறது. இந்தக் கண்றாவி லத்தீன் எதுக்கு?"

சுசித்ரா முந்தானையால மாமனார் வாயோரம் வழிஞ்சதைத் துடைச்சா.

"தமிழ்லதான் அண்ணி ஆரம்பிச்சேன். உங்க பொண்ணு நிச்சயதார்த்தத்துல மாமா தட்டுத்தடுமாறி என்னமோ சொல்ல வந்தாரு. 'மாப்பிள்ளை வீட்டாளுங்க சிரிக்கறாங்க, நீ பேசாத இரு நைனா'ன்னு சொல்லிட்டீங்க. அன்னிக்கு மூடின வாய்தான், அப்புறம் நான் கெஞ்சியும் திறக்கலை."

ஹேமாவதி கீழே கிடந்த பையில இருந்து நைனாவோட வேட்டியை எடுத்து மடிக்க ஆரம்பிச்சா.

"தமிழ்ல பேசினா இந்த வீட்ல மாமா ஒருத்தருக்குத்தான் நாக்கு குழறும் அண்ணி. லத்தீன்ல எங்க எல்லாருக்கும் குழறுது."