இன்னும் ஒரு முடிச்சு

“தூண்டில் கம்பு ஆடுதே! நடுக்கடல்ல முள்ளு கண்ணுல குத்தினா என்ன பண்றது?” என்று புதுப் படகில் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிக் கட்டினார் மாமா.

கூட வந்த மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, தூண்டில் பெட்டியை அசைத்துப் பார்த்தான். “இதுவும் லூசா இருக்கு மாமா.”

“இப்பதானே கட்டினேன்!”

அதைக் கட்டினால் இது அவிழ்ந்தது. இதைக் கட்டினால் அது. பொழுது சாய்ந்துவிட்டது.

“சரி, அடுத்த ஞாயிறு போகலாம்” என்று வழக்கம்போலச் சொல்லி வீடு திரும்பிய மாமா குளிக்கப் போனார்.

அக்கா சிரித்தாள். “அவரு எங்கடா போவாரு? கடல்னாலே உதறல். படகு வாங்கினது பந்தாவுக்கு. கட்டுறதெல்லாம் சாக்கு!”

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான்.

“முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? நானும் அதே பயத்துலதான் வாராவாரம் அவருக்குத் தெரியாம முடிச்சை அவிழ்த்துவிட்டேன். நகமெல்லாம் போச்சு!”