முதலாளி எடுத்த வண்டி

“இதேதான்! இதே வண்டிதான்!” என்று கோழிக்கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் மெத்தைக்கடை முதலாளி.

கூண்டுக்குள் சத்தியமாக ஒரு கார் இருந்தது. சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை, பின்சீட்டில் நான்கு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. முதலாளியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

“இருபத்திரண்டு வயசுல நான் எடுத்த வண்டிம்மா! நாப்பத்தியோரு வருஷம் ஆச்சு. ஏழு கை மாறி இங்க வந்து கிடக்குது பாரு.”

“இதை வீட்டுக்குக் கொண்டு வந்தீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். கோழிங்களையே சமைச்சுப் போடச் சொல்லுங்க.”

முதலாளிக்கு மூன்று கடைகள். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறவர், தான் மட்டும் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருப்பார். அந்த வண்டியைக் கண்டுபிடித்துப் பழையபடி ஆக்கினால்தான் தூக்கம் வரும் என்று வருஷக்கணக்காகப் புலம்பல். வசதி வந்தவர்களுக்கு வரும் வியாதிகளில் இதுவும் ஒரு தினுசு என்று குடும்பம் விட்டுவிட்டது.

லாரியில் ஏறி வண்டி ஷெட்டுக்கு வந்தது. மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஐந்தாவது கோழி நிதானமாக இறங்கிப் போனது.

“என்ஜின் எங்க முதலாளி?”

“அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

கண்டுபிடித்தார். அது ஒரு மில்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் ஒரு சலூன் சுவரில் அலங்காரமாகத் தொங்கியது, அதைக் கழற்றுவதற்குள் மெக்கானிக் அங்கே மூன்று தடவை முடி வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

“ஒரு ஏசி போட்டுடலாமா முதலாளி? பெயின்ட்டும் இந்த வெளிர்பச்சை வேணாம், சில்வர் அடிச்சா தூக்கிடும்.”

“எதையும் தூக்க வேணாம். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஹாரன் ஏன் அடிக்குது?”

“ரிப்பேர் பண்ணிட்டேன்ல!”

“அன்னைக்கு அடிக்காதுய்யா. ஒயரைக் கழட்டு.”

வாழ்க்கையில் முதல்முறையாக, நன்றாக இருந்த ஒன்றைக் கெடுப்பதற்கு மெக்கானிக் அரை நாள் செலவழித்தார். பிறகு, “வீட்டுல பழைய சாவி ஏதாச்சும் கிடக்குதா? டிக்கிப் பூட்டு அதே பூட்டுதான்,” என்று கேட்டார்.

“சாவி அப்பவே என்கிட்ட கிடையாது.”

பெரிய மனிதர்கள் சாவியை டிரைவரிடம்தானே கொடுத்து வைப்பார்கள். மெக்கானிக் மேற்கொண்டு கேட்காமல் புதுச் சாவி வெட்டினார்.

முதலாளிக்கு ஒரே அவசரம். பழைய வண்டிகள் சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. திறந்து வைக்க வருகிறவர் ஓய்வுபெற்ற நீதிபதி.

“ஜட்ஜ் ஐயா ஒரு தடவையாச்சும் இதுல உட்காரணும். உடம்பு முடியலையாம் அவருக்கு. அடுத்த வருஷம் வருவாரோ மாட்டாரோ,” என்று மெக்கானிக்கைப் படுத்தி எடுத்தார்.

“ஜட்ஜ் உட்கார்ந்த போட்டோவைக் கடையில மாட்டினா மெத்தை நல்லா ஓடும். அதானே உங்க கணக்கு?” என்றாள் மனைவி.

கண்காட்சியன்று மைதானம் முழுக்க வண்டிகள் பளபளத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூலிங்கிளாஸோடு ஒரு சொந்தக்காரர், கையில் ஒரு கதை. ஒருவர் மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் இறங்கியவர், இன்னொருவர் காதலியை ஏற்றிக்கொண்டு மாமனாரை முந்தியவர். வண்டியைவிடக் கதைகளுக்குத்தான் பாலிஷ் அதிகம்.

எழுபதைத் தாண்டிய நீதிபதி கைத்தடியோடு மெதுவாக நடந்து வந்தார். நீளமான வண்டி, இரண்டு கதவு வண்டி, மேல்கூரை திறக்கும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு தலையசைப்போடு சரி. வெளிர்பச்சை வண்டி வந்ததும் நின்றுவிட்டார்.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். “தன் இளமைக் காலத்து வண்டியை நாற்பத்தோரு ஆண்டுகள் தேடிக் கண்டெடுத்த தங்க மனசுக்காரர், நேர்மைக்கு மறுபெயர், நமது மெத்தைக்கடை முதலாளி!”

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளியின் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

“என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது? போட்டோ எடுக்கறாங்க, சிரிங்க,” என்று மனைவி விலாவில் இடித்தாள்.

நீதிபதி யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். வெளியே பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

“வக்கீலா இருந்தப்போ என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. நான் முதன்முதலா வாங்கினது. இப்பல்லாம் இந்த மாடல் எங்க கிடைக்குது?”

முதலாளி சாவியை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினார்.

“என்கிட்ட எதுக்கு? அது இருக்கட்டும், நீங்க இதை எங்க எடுத்தீங்க?”

சங்கத் தலைவர் சட்டென்று மைக்கை முதலாளியின் வாயருகே கொண்டுபோனார்.

“உங்க வீட்டு வாசல்லதான் எடுத்தேன் ஐயா.”