முதல் பக்கத்துப் பென்சில் வரி

வாடகை நூலகத்தின் கீழ்த்தட்டில் ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. அதைப் படித்த எவனோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே, "கொன்றது டாக்டர்தான், நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று பென்சிலால் தன் அபிப்பிராயத்தை எழுதிவைத்துவிட்டான். பிரித்தவர்களெல்லாம் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். மூன்று வருடமாக அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அந்த வழியாக வந்த, காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சியிடம் நாவல் கெஞ்சியது. "தம்பி, அந்த ஒரு வரியை மட்டும் தின்றுவிடு. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"உள்ளே விடாதீங்க. அவனுக்கு ஒரு வரி எந்த மூலைக்கு?" என்றது பக்கத்திலிருந்த காதல் நாவல்.

"உனக்கென்ன, உன் பக்கமெல்லாம் வாசகர்களின் கண்ணீர்க் கறை!" என்று துப்பறியும் நாவல் எரிந்து விழுந்தது.

பூச்சி அந்த வரியைத் தின்றது. பிறகு இரண்டாம் பக்கத்துக்குப் போனது. மழைக்காலம் முடிவதற்குள் பாதிக் கதை பொடியாகிவிட்டது.

"போதும்" என்று சொல்ல நாவல் வாயெடுத்தது. அதற்குள் பூச்சி தலையைத் தூக்கி, "அண்ணே, என்ன விறுவிறுப்பு! கீழே வைக்கவே மனசு வரல" என்றது.

அச்சாகி வந்த நாளிலிருந்து நாவல் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அடுத்த பக்கத்தைத் தானே விரித்துக் கொடுத்தது.