தொண்ணூற்றெட்டு டெசிபல்

“பழைய சத்தமே வேணும் பாய்” என்றாள் பஞ்சவர்ணம்.

பட்டறையில் காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் ஹக்கீம் தலையை மட்டும் வெளியே நீட்டினார். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அவருக்குச் சந்தேகம். கம்பம் ஊரில் பாதிப் பேர் சபித்த சத்தம் அது.

கார் அவள் கணவன் சுருளிராஜனுடையது. ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். கார்ப் பந்தயம் என்றால் பைத்தியம். தன் சிவப்பு எஸ்டீம் காருக்குப் பெங்களூரிலிருந்து ஒரு சைலன்சரை வரவழைத்து மாட்டியிருந்தான். அவன் மெயின் ரோட்டில் திரும்பினால் மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வீறிட்டு அழும்.

கடைசியில் அந்தச் சத்தமே அவனுக்கு வினையாக வந்தது. அவன் பெயர் கொடுத்திருந்த கோயம்புத்தூர்ப் பந்தயத்தில் நூறு டெசிபலுக்கு மேல் போகும் வண்டியை உள்ளே விடுவதில்லை. இரண்டு முறை வாசலிலேயே மீட்டரை வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த பந்தயம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

நான்கு நாளாக ஹக்கீம் அந்தக் காரோடுதான் கிடந்தார். சைலன்சரைப் பிரித்துப் புதிதாகக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தார். மீட்டரில் முள் அசைந்ததே தவிர இறங்கவில்லை. உள்ளே தடுப்புத் தகடு வைத்தார். சத்தம் இறங்கியது, கூடவே எஞ்சினின் இழுவையும் செத்துப்போனது. தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழாயின் நடுவில் மாட்டுவதற்குத் தன் கையாலேயே ஒரு பெட்டி செய்தார். அளவு தப்பி மூன்று பெட்டி வீணானது. நான்காவது பெட்டியில் மீட்டர் தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. இழுவை துளியும் குறையவில்லை.

நேற்று ஓட்டிப் பார்த்த சுருளிராஜன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். “பூனை மாதிரிப் போகுது பாய். பந்தயம் முடிஞ்சாலும் இதையே வச்சுக்கிர்றேன்” என்றான். முப்பது வருடத் தொழிலில் ஹக்கீமுக்கு அப்படியொரு நிறைவு வந்ததில்லை. கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் முடுக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வண்டியை ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி, மகள் ஓவியாவைக் கையில் பிடித்துக்கொண்டு, மத்தியான வெயிலில் பஸ் பிடித்து வந்து இப்படிக் கேட்கிறாள்.

“அவரு பந்தயத்துக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையாம்மா?” என்று கேட்டபடி ஹக்கீம் எழுந்து கையைத் துடைத்தார்.

“போகட்டும் பாய். ஜெயிச்சுட்டே வரட்டும். வந்த பெறகு பழையபடி மாத்திவிட்டுருங்க. நான் இங்கன வந்தது மட்டும் அவுகளுக்குத் தெரிய வேண்டாம்.”

ஹக்கீமுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுக்காரன் வருவது ஊருக்கே கேட்க வேண்டும் என்ற பெருமை போலிருக்கிறது. அந்தப் பெருமைக்காக, தான் நான்கு நாள் பட்ட பாட்டைக் கழற்றிக் குப்பையில் போடச் சொல்கிறாள்.

“அது எப்பிடிப்பட்ட சத்தம்னு நீங்களே ஒருக்கா பக்கத்துல நின்னு கேளுங்க” என்றார்.

பட்டையைத் தளர்த்திப் பெட்டியைக் கழற்றினார். அந்த இடத்தில் பழைய குழாயை மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி மிதித்தார். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள்.

மூலையில் பழைய நட்டுகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள் ஓவியா. ஐந்து வயது. அவள் அழவில்லை, காதைப் பொத்தவில்லை. அடுக்கியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவின் பையையும் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

ஹக்கீம் எஞ்சினை அணைத்தார். “பாப்பாவே கெளம்பிருச்சு பாருங்க. சின்னப் புள்ளைக்கே ஒத்துக்கிடல.”

“ஒத்துக்கிடாம இல்ல பாய். அதுக்குப் பழக்கம்.” பஞ்சவர்ணம் மகளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். “பந்தயம் முடிஞ்சு வந்ததும், அந்தப் பெட்டி நம்ம ரோட்டுக்குத் தாங்காதுன்னு சொல்லிக் கழட்டிருங்க. நீங்க சொன்னா அவுக கேப்பாக.”

“என் கையால செஞ்ச பெட்டிய, தாங்காதுன்னு நானே பொய் சொல்லணும்.” ஹக்கீமின் குரல் தடித்தது. “எதுக்குன்னு தெரியாம நான் சொல்ல மாட்டேம்மா. ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்காத சத்தம். உங்களுக்கு மட்டும் எதுக்கு?”

அவள் ரோட்டை ஒரு தடவை பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு, டீக்கடைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“வண்டி பாலத்துக்கிட்ட வர்றப்பவே சத்தம் கேட்டாத்தான் பாய், அவுக வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் ஓடி ஒளிய முடியும்.”