எண்பத்து நாலு படி

"உங்ககூட லிஃப்ட்ல வர்றதே கேவலம்னு நினைச்ச மகராணிக்கு ஒரு படம்! அதைப் பார்க்க நாம இஸ்திரி போட்ட சட்டையோட கிளம்பணும்!"

சொல்லிக்கொண்டே மனைவி அவருடைய காலரை இழுத்துச் சரிசெய்தாள். வாய் பாட்டுக்குத் திட்டியது, கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

"அக்கா மக ஆசையா எடுத்திருக்கா. போகலைன்னா வருத்தப்படுவா," என்றார் ரிட்டயரான லிஃப்ட்காரர்.

"அவகிட்ட இந்தக் கதையை உளறினது யாரு?"

உளறினது அவரேதான். சமயத்தில் வாயைத் திறக்கிற ஆளாக இருந்திருந்தால், உளற இப்படி ஒரு கதையே இருந்திருக்காது.

பதினோரு நிமிஷக் குறும்படம். முப்பத்தாறு வருஷம் அவர் மேலேயும் கீழேயும் போய்வந்த அதே ஆபீஸ் கட்டடத்தின் மீட்டிங் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டார்கள். பழைய ஊழியர்களுக்கெல்லாம் அக்கா மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்பது நாற்காலியும் நிரம்பிவிட்டன.

விளக்கு அணைந்தது.

திரையில் மடக்குக் கதவு வைத்த பழைய லிஃப்ட். ஒல்லியாக ஓர் இளைஞன். மணி ஒன்பது. உள்ளே எட்டுப் பேர் கடிகாரத்தைப் பார்த்துப் புழுங்குகிறார்கள்.

"என்னப்பா, கிளம்பேன்!"

"கதவு சிக்கிக்கிச்சு சார்."

கதவுக்கு ஒரு கேடும் இல்லை. நாலாவது மாடி டைப்பிஸ்ட்டின் பஸ் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது ஐந்துக்கு அவள் மூச்சிரைக்க ஓடிவருவாள். கதவு உடனே குணமாகிவிடும். எந்த மாடி என்று அவள் சொல்லவேண்டியதில்லை, அவன் விரல் ஏற்கெனவே பொத்தானில் இருக்கும். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு வார்த்தை பேச்சில்லை.

இருட்டில் லிஃப்ட்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். அந்தக் கதவின் கிரீஸ் வாடைகூட மூக்கில் ஏறியது. இருபத்து நாலு வயசு. காலை ஒன்பது ஐந்துக்காகவே விடிந்த நாட்கள். என்ன காலம் அது!

படம் முடியப்போகிற இடம் வந்தது. ஒரு நாள் அவள் ஒன்பது மணிக்கு முன்பே வருகிறாள். லிஃப்டின் பக்கம் திரும்பாமல் நேரே படிக்கட்டுக்குப் போகிறாள். மறுநாளும் படிக்கட்டு. மாற்றலாகிப் போகும்வரை இரண்டு வருஷமும் படிக்கட்டுதான். அவன் முகத்தின்மேல் கதவு மூடுகிறது.

நாம் பார்த்தது அவளுக்கு அருவருப்பாக இருந்திருக்கிறது என்று அன்றைக்கு முடிவுகட்டியவர் அவர். அந்த அவமானம் இன்றுவரை ஆறவில்லை. அதன்பிறகு எந்தப் பெண் லிஃப்டில் ஏறினாலும் பொத்தானைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் போதும் என்று எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

விளக்கு எரிந்தது. கைதட்டல்.

"என்ன திமிர் சார் அந்தப் பொண்ணுக்கு!" என்றான் முன்வரிசையில் ஒருவன். ஹாலே சிரித்தது.

"அப்படிக் கேளுங்க!" என்றாள் மனைவி, எல்லாருக்கும் கேட்கும்படி.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைப் பிடிக்கலை, ஒதுங்கிப் போனாங்க. அதுல என்ன தப்பு?"

"படியில ஏறினது நிஜம். காரணம்தான் தப்பு."

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். யாரென்று லிஃப்ட்காரருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். 'தினம் லிஃப்டை நிறுத்தி வச்சு எல்லாரையும் லேட் பண்றான். இன்னொரு தடவை நிறுத்தினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன். ஆர்டரை இப்பவே டைப் அடிச்சு வை, தேதியை மட்டும் விட்டுடு'ன்னார். லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

திமிர் என்று சொன்னவன் திரும்பிப் பார்த்தான்.

"மறுநாள்லேர்ந்து முந்தின பஸ். இவர் கண்ணுல படற மாதிரி படியில ஏறினேன், அப்பதானே காத்திருக்க மாட்டார்! தினம் எண்பத்து நாலு படி. எனக்கு மாற்றல் வந்த அன்னிக்குத்தான் அந்த ஆர்டரைக் கிழிச்சுப் போட்டேன்."

"ஒரு வார்த்தை மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்?" அக்கா மகளின் குரல் கம்மியது.

"எப்படிம்மா சொல்றது? நீங்க பார்க்கறது எனக்குத் தெரியும்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அப்புறம் அந்த மனுஷன் என் முகத்துல எப்படி முழிப்பார்? எனக்கும் கூச்சமா இருந்துச்சு."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் வந்தது.

மனைவி சட்டென்று எழுந்தாள். நேரே கடைசி வரிசைக்குப் போனாள். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அவள் அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நிலையான வேலையில இருக்கார்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான் எங்கப்பா எனக்கு இவரைக் கட்டி வச்சார்."