கல்மரத் தூள்

எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே பூங்கோதை. வெளியே பெஞ்சில் அவள் புருஷன்.

அவர் உள்ளங்கையில் அவளுடைய தாலிச் சங்கிலி. படம் எடுக்கக் கழற்ற வேண்டுமாம். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அதைக் கழற்றி அவர் பார்த்ததில்லை. "பத்திரம்" என்று கையில் வைத்து அமுக்கிவிட்டு உள்ளே போனாள்.

சங்கிலியில் இன்னும் அவள் கழுத்துச் சூடு இருந்தது.

போன வாரம் இதே பெஞ்சில் அவருக்காக அவரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இவ்வளவு பயம் இல்லை. தன் உயிர் என்றால் மனுஷனுக்கு ஒரு அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது.

நுரையீரல் சுத்தம், இருமல் வெறும் சளி என்று டாக்டர் சொன்னார்.

இவர் நேராக ஓட்டலுக்குப் போனார். நெய் ரோஸ்ட் ஒன்று. அதற்கு மேல் காபி. செத்துப் பிழைத்தவனுக்குப் பசி அதிகம்.

இரண்டாவது வாய் காபியில் துடைப்பச் சத்தம் ஞாபகம் வந்தது.

கல்லை அறுப்பது அவர். பெருக்குவது யார்?

மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மின்வாரியத்தில் அவரோடு ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் நடக்கப் போனார்கள். இவர் கல்மரத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மனையை மேடாக்க அடித்த செம்மண் லோடில் ஒரு துண்டு கிடந்தது. பார்த்தால் விறகு. தூக்கினால் கல். நாக்கால் நக்கிப் பார்த்தார். ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் வளையங்கள் வரிவரியாய் எழுந்து வந்தன.

அவ்வளவுதான். பேய் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் மாடி பால்கனிக்கு மெஷின் வந்தது. துண்டை அறுப்பார். அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டுவார். சுற்றும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார். அடி தட்டையாக, மேலே உப்பலாக, நாவல்பழம் அளவுக்கு ஒரு கல் வரும். மெருகு ஏறிவிட்டால் ட்யூப்லைட் அதில் தெரியும். யாருக்கும் விற்கமாட்டார். பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார்.

தேய்க்கும்போது சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொட்டியது. கீழ் வீட்டில் காய்ந்த வேட்டி மேலும் சொட்டியது. கீழ் வீட்டம்மா ஏறி வந்து, ரொம்ப மரியாதையாக, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

இவர் மானஸ்தர் ஆச்சே. அன்றைக்கே தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் தண்ணீர் இல்லாமல்தான் தேய்த்தார். பால்கனி முழுக்க மாவு மாதிரி படிந்தது. அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார். அவளிடம், "மரத்தூள்தான், பெருக்கித் தள்ளிடு" என்றார்.

மரமாம். கல்லாகிக் கோடி வருஷம் ஆன பிறகும் இவருக்கு மட்டும் அது மரம்.

இதே கிறுக்கு உள்ள சிநேகிதர் ஒருவர், பரஞ்சோதி என்று பெயர், போன மாதம் போனில் பேசும்போது விஷயம் தெரிந்து கேட்டார். தண்ணியில்லாமலா தேய்ச்சீங்க?

இவர் ஆமாம் என்றார். பரஞ்சோதி சொன்னார். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

துண்டு கட்டிய மூக்கு அவருடையது. அவள் மூக்கைப் பற்றி மூன்று வருஷமாக ஒருவரும் நினைக்கவில்லை.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பென்ஷன்காரர் வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்துச் சலுகை என்று புளுகித்தான் கூட்டி வந்திருக்கிறார்.

விளக்கு அணைந்தது.

அவள் வந்து சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு படத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா? அங்காளம்மா தாயே, அந்த மெஷினை இன்றைக்கே எடைக்குப் போட்டுவிடுகிறேன். டப்பாவையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் கொடு.

ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

புருஷன் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று அவருக்கே கோபம் வந்தது. படத்தை உறைக்குள் குறுக்கே செருகப் பார்த்தார். அவள்தான் வாங்கிப் போட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்றாள்.

"படம் எடுத்த பொண்ணு கேட்டுச்சு, கல்லு அறுக்கிற வேலையாம்மா உங்களுக்குன்னு. டாக்டர் சீட்டுல எழுதியிருக்காமே."

அவர் சுவரைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா ஒரு வாரமா சோறு எறங்கல? வறட்டுத் தூசிய யாராவது அப்படியே பெருக்குவாங்களா? ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சு, அது நல்லா ஊறி அடங்கினாத்தான் நான் துடைப்பத்தையே எடுப்பேன். மூணு வருஷமா தெனம் காலையில நடக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளாவது பாத்ததில்லையா நீங்க?"

அவள் விடுவிடென்று இறங்கிப் போய் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

மிச்சம் பதினோரு படி இருந்தது. அவர் ஒவ்வொன்றாக இறங்கினார்.